காரைக்குடிப் பக்கம் ஜிம் வைக்கப் போகிறீர்களா? ஆள் கணக்கு முதல் செயலி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். "அண்ணே, செக்காலை ரோட்டுல ஒரு மாடி காலியா வருது. ஜிம் போடலாம்னு பார்க்கிறேன். மெஷின் எங்க வாங்குனீங்க?" வருகிற எல்லோருக்கும் முதல் கேள்வி மெஷின்தான். எத்தனை பேர் வருவார்கள், அவர்கள் யார், மாசக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம். குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதற்கான வட்டியையும் கட்டி முடித்தேன்.

உடற்பயிற்சித் தொழில் உலகம் முழுக்க மாறிக்கொண்டிருக்கிறது. கையில் கட்டும் வாட்ச், போன் செயலி, ஏஐ பயிற்சியாளர், எடை குறைக்கும் ஊசி என்று ஆறு மாதத்துக்கு ஒன்று வருகிறது. இதில் எது நம் பக்கம் ஒத்துவரும், எது சென்னையோடு நின்றுகொள்ளட்டும் என்பதை, கடை திறக்கும் வரிசையிலேயே சொல்லிப் போகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செட்டிநாட்டில் ஒரு ஜிம்மைத் தாங்கி நிறுத்தப்போவது அறுபது வயது ஆச்சியின் முழங்கால்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: ஆளை எண்ணுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் காலை 5.30 மணிக்கு வெளியே போங்கள். அழகப்பா பல்கலைக்கழகப் பக்கச் சாலைகள், உங்கள் ஊர் ஊருணிக் கரை, கோட்டையூர், பள்ளத்தூர் என்றால் அங்கே ஆள் நடக்கும் தெரு. யார் நடக்கிறார்கள், என்ன வயது, தனியாகவா சேர்ந்தா, காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று குறியுங்கள். நான் குறித்தபோது பாதிக்கு மேல் ஐம்பது தாண்டியவர்கள். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து நடந்தார்கள், அதில் பலர் ரப்பர் செருப்போடு. கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "டாக்டர் நடக்கச் சொன்னாரு."

இந்தப் பதிலுக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று அது சொன்னது. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த இன்னொரு ஆய்வின்படி 2022-ல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் மட்டும் பார்த்தால் 57 சதவீதம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் உடற்பயிற்சிப் போக்குகள் பட்டியலில் 2025-க்கு முதலிடம் உடலில் அணியும் கருவிகளுக்கு, இரண்டாமிடம் போன் செயலிகளுக்கு, மூன்றாமிடம் முதியோருக்கான பயிற்சிக்கு. முதல் இரண்டையும் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போட்டன. நம் ஊருக்கான சேதி மூன்றாவதில் இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ. முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை நூறடி நீளும் வீட்டில் இரண்டே இரண்டு வயதானவர்கள். பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, முழங்கால் வலியும் இருக்கிறது. வாசலில் பெரிய புஜப்படம் ஒட்டிய ஜிம்முக்குள் இவர்கள் எந்தக் காலத்திலும் வரமாட்டார்கள். கல்லூரிப் பையன்கள் வருவார்கள். தை மாதம் சேர்ந்து, செமஸ்டர் தேர்வுக்கு நின்று, விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களும் வேண்டும். அவர்களை மட்டும் நம்பி வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள்.

படி 2: மெஷினுக்கு முன் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு)

பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தியவர்கள் வாழ்ந்த ஊர் இது. பேரேடும் ஐந்தொகையும் இங்கே வீட்டுச் சொற்கள். ஆனாலும் ஜிம் என்று வந்தால் படித்த பையன்கூட மனக்கணக்கில் இறங்கிவிடுகிறான். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 1,500 சதுர அடி இடம். மாத வாடகை 25,000, இரண்டு மாஸ்டர்களுக்கும் பகுதி நேரப் பெண் பயிற்சியாளருக்கும் சேர்த்துச் சம்பளம் 40,000, மின்சாரம் 15,000, கடன் தவணை 20,000, துப்புரவு, பழுது, இதர செலவு 10,000. ஆக 1,10,000 ரூபாய். மாதக் கட்டணம் 1,000 என்றால் 110 பேர் தவறாமல் கட்டினால்தான் உங்கள் கையைக் கடிக்காது. சேர்ந்தவர்கள் எண்ணிக்கை வேறு, கட்டுகிறவர்கள் எண்ணிக்கை வேறு. எப்போதும் இரண்டாவதையே பாருங்கள்.

ஜிஎஸ்டியையும் இப்போதே கணக்கில் சேருங்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேலே சொன்ன கட்டணத்தில் 166 பேர் என்றால் ஆண்டுக்கு 19,92,000. நூற்று அறுபத்தேழாவது ஆள் உள்ளே வந்ததும் 20,04,000. புரோட்டீன் பவுடர் விற்றால் அதுவும் அந்த 20 லட்சத்தில் சேரும். ஜிம் சேவைக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. அதாவது மெஷின் வாங்கும்போது நீங்கள் கட்டும் ஜிஎஸ்டி உங்கள் தலையிலேயே நிற்கும், கழித்துக்கொள்ள முடியாது. மெஷின் விலையைக் கேட்கும்போது வரியோடு சேர்த்துக் கேளுங்கள்.

இனி என் சறுக்கல். முதல் வருடம் பொங்கல் சலுகை போட்டேன். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் மூன்று மாதம் இலவசம். கூட்டம் குவிந்தது. பெட்டி நிறைந்த தெம்பில் இரண்டு ட்ரெட்மில் வாங்கினேன். ஆடி மாதம் வந்தபோது கட்ட வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள். வாடகைக்கு நகை அடகுக்குப் போனது. முன்பணமாக வரும் ஆண்டுக் கட்டணம் வருமானம் இல்லை, நீங்கள் இன்னும் வேலை செய்து தீர்க்க வேண்டிய கடன். 12,000 வந்தால் தனிக் கணக்கில் போட்டு, மாதம் ஆயிரமாக எடுங்கள். இதைச் சொன்னபோது எனக்குக் கணக்கு எழுதித்தரும் பெரியவர் சிரித்தார். "தம்பி, இது எங்க ஐயா காலத்துலேயே பெட்டியடிப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததுப்பா." பெட்டியடிப் பையன் என்றால் வட்டிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகுபவன்.

படி 3: இடம்

இங்கேதான் செட்டிநாடு மற்ற ஊர்களிலிருந்து பிரிகிறது. உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பெரிய ரோட்டில் புதுக் கட்டடத்தின் முதல் மாடி. இன்னொன்று, பூட்டிக் கிடக்கும் பழைய வீடு. இரண்டாவது பார்க்க அழகு, வாடகையும் சில சமயம் குறைவு. இன்ஸ்டாகிராமில் போட்டால் அள்ளும். ஆனால் அதில் சிக்கல்கள் உண்டு.

முதல் சிக்கல் பங்காளிகள். ஒரு வீட்டுக்கு எத்தனை புள்ளி, அதாவது எத்தனை பங்குக் குடும்பம், என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எட்டுப் புள்ளி வீடு என்றால் எட்டுப் பேரின் சம்மதம் வேண்டும். அதில் இருவர் கோலாலம்பூரில் இருப்பார்கள், ஒருவர் மற்றவர்களோடு பேசமாட்டார். சாவி வைத்திருப்பவர் ஒருவர் என்பதற்காக அவரோடு மட்டும் ஒப்பந்தம் போட்டால், அடுத்த கல்யாணத்துக்கு வருகிற பங்காளி உங்கள் பெஞ்ச் பிரஸ்ஸைத் தெருவில் எடுத்து வைக்கச் சொல்வார். எல்லோரிடமும் எழுத்து வாங்குங்கள். வீட்டில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) வந்தால் எத்தனை நாள் ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட டைல் இல்லை. கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நடக்க நடக்க மெருகேறும், ஓங்கி ஒன்று விழுந்தால் விரியும். என் மாணவன் ஒருவன் 20 கிலோ தம்பெல்லைக் கடைசி செட் முடிந்ததும் கைவிட்டான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. எடுத்துப் பார்த்தால், சிவப்புப் பூவின் நடுவிலிருந்து நாலா பக்கமும் மயிர்க்கோடு மாதிரி விரிசல். வீட்டுக்கார ஆச்சி வந்து குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். "அப்பச்சி காலத்துப் பூக்கல்லுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகு எனக்குப் பிடிபட்ட ஏற்பாடு இது. இரும்பு முழுவதும் பின்கட்டுக்கு. அங்கே சிமெண்டுத் தளம், அதன்மேல் கனமான ப்ளைவுட், அதன்மேல் 15 மில்லி மீட்டர் ரப்பர் மேட். முன்னால் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், எடை எதுவும் இல்லாத வகுப்புகள்: நாற்காலிப் பயிற்சி, யோகா, மூச்சுப் பயிற்சி. வளவு எனப்படும் உள்வீட்டின் திறந்த முற்றத்திலிருந்து காற்றும் வெளிச்சமும் தானாக வரும், ஏசி வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம். வயதானவர்களுக்கு இதைவிடத் தோதான இடத்தைப் புதுக் கட்டடத்தில் தேட முடியாது. வியர்வையோடு ரப்பர் மேட்டைப் பூக்கல் மேல் நேரடியாக விரிக்காதீர்கள். கறுப்புக் கறை இறங்கினால் போகாது.

மற்றவை சுருக்கமாக: காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, தொழில் உரிமத்துக்கு அங்கே போக வேண்டும். மின் இணைப்பை வணிக இணைப்பாக, மூன்று ஃபேஸாக மாற்றுங்கள். வீட்டு இணைப்பில் ஓட்டி மாட்டியவர்கள் உண்டு.

படி 4: கருவிகள்

"ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்" என்பார்கள். ட்ரெட்மில் இரண்டும் செய்யும். ஓடினால் கரண்டைத் தின்னும், நின்றால் தவணையைத் தின்னும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் அதன் கண்ட்ரோல் போர்டு போய்விடும். புதுப் போர்டு கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வாரக்கணக்காகும். அதுவரை "பழுது" என்ற அட்டையோடு மெஷின் நிற்கும். புது உறுப்பினர் கண்ணில் முதலில் படுவது அந்த அட்டைதான். வாங்கியே தீருவதானால் ஒன்று போதும், நல்ல ஸ்டெபிலைசரோடு. பெல்ட்டுக்கு அடியில் வாரம் ஒருமுறை தூசி துடைத்து, கம்பெனி சொன்ன இடைவெளியில் சிலிகோன் எண்ணெய் விடுங்கள். பாதிப் பழுது அதிலேயே நின்றுவிடும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை: "சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில்?"

மோட்டார் இல்லாத கருவிகள் பக்கம் உலகமே சாய்கிறது. காற்றாடிச் சைக்கிள், வளைந்த ட்ரெட்மில், கயிறு, கெட்டில்பெல். ஓட்டத்தையும் ஜிம் பயிற்சியையும் கலந்து ஜெர்மனியில் 2017-ல் தொடங்கிய ஹைராக்ஸ் போட்டி இந்தியாவுக்கு 2025-ல் வந்தபின் பையன்கள் மெஷினை விட்டுவிட்டு ஸ்லெட் தள்ளக் கேட்கிறார்கள். அது நமக்குச் சாதகம். இரும்புத் தட்டு ஏற்றித் தள்ளும் ஸ்லெட்டை இங்கேயே லேத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்துகொள்ளலாம்.

கர்லாக்கட்டை ஒரு டஜன் வாங்கி வையுங்கள். பாசத்துக்காகச் சொல்லவில்லை. தோள்பட்டை இறுகியவர்களுக்கு இலகுவான கட்டை அருமையான பயிற்சி. சிலம்பத்துக்கு அரசு வேலை இடஒதுக்கீட்டில் இடம் கிடைத்தபின் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் கூடியிருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு சிலம்ப ஆசானுக்கு இடத்தை மணிக்கணக்கில் விட்டால் வாடகையில் ஒரு பங்கு வந்துவிடும்.

படி 5: மாஸ்டர்கள்

நம் ஊருக்கு இதில் ஒரு பெரிய வரம் உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இங்கேயே இருக்கிறது. உடல் இயக்கவியல் படித்த பிள்ளைகள் பக்கத்திலேயே கிடைக்கும்போது, சதை பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை வேலைக்கு வைப்பானேன்? ஒரு பெண் பயிற்சியாளர் கட்டாயம். வீட்டுவேலை முடிந்து பெண்கள் வரக்கூடிய நேரம் காலை 10 முதல் 12, மாலை 3 முதல் 5. அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் உள்ளே இல்லை என்று உறுதி கொடுத்தால், மற்ற ஜிம்கள் தூங்கும் நேரத்தில் உங்கள் இடம் நிறையும். எல்லோருக்கும் இதய முதலுதவிப் பயிற்சி வாங்கிக்கொடுங்கள். இதில் சாக்குப்போக்கு வேண்டாம்.

படி 6: வருகை, வசூல், செயலி

தொழில்நுட்பம் என்றதும் எல்லோரும் முதலில் வாங்குவது விரல் ரேகை மெஷின். நானும் வாங்கினேன். இரண்டாம் வாரம் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் சேர்ந்தார். சிமெண்டிலும் மணலிலும் தேய்ந்து அவர் விரல் நுனி வழவழவென்றிருந்தது. மெஷின் தினமும் "மீண்டும் முயலவும்" என்றது. கட்டைவிரலைத் துடைப்பார், ஊதுவார், வேட்டியில் தேய்ப்பார், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். நாலாவது நாள் அவர் வரவில்லை. விசாரித்தால், "எனக்கு அந்தப் பொட்டி தோது இல்லீங்க" என்றார். மெஷினைக் கழற்றிவிட்டு நோட்டு வைத்தேன். இப்போது உறுப்பினர் எண்ணைத் தட்டினால் போதும் என்கிற சாதாரண டேப்லெட் இருக்கிறது. அவர் இன்றும் வருகிறார்.

விரல் ரேகை, முகப்படம், எடை, சர்க்கரை அளவு எல்லாம் தனிமனிதத் தரவு. அதற்கென்றே 2023-ல் சட்டம் வந்து, 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. எதற்காக வாங்குகிறோம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தேவையில்லாததைக் கேட்காதீர்கள், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். "எடை குறைந்த வெற்றியாளர்" என்று முன்-பின் படத்தை ஸ்டேட்டஸில் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். சின்ன ஊர், சம்பந்தம் பேசும் வீட்டில் அந்தப் படம் போய் நிற்கும்.

வசூலுக்கு யுபிஐ ஆட்டோபே. 2020-ல் வந்த வசதி. ஒருமுறை சம்மதம் கொடுத்தால் 15,000 ரூபாய் வரை மாதாமாதம் தானாகக் கழியும், ஒவ்வொரு முறையும் ரகசிய எண் போட வேண்டியதில்லை. நம் ஊரில் பணம் கேட்பதுதான் பெரிய சங்கடம். தெரிந்தவர், உறவுக்காரர், அண்ணனின் நண்பர். கணினி கேட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. பெரியவர்கள் ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள்.

சொந்தச் செயலி செய்து தருகிறோம் என்று வருபவர்களை மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நூறு, இருநூறு பேருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். இந்தியாவில் 2018 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. உறுப்பினர்களைத் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்துவிடுங்கள்: காலை, மாலை, பெண்கள், பெரியவர்கள். ஏழு நாள் வராதவருக்கு ஒரு குரல் செய்தி, உங்கள் குரலிலேயே. "என்னண்ணே, ஆளையே காணோம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" எழுத்தில் அனுப்பினால் விளம்பரம் என்று நினைப்பார்கள். குரல் கேட்டால் திருப்பிப் பேசுவார்கள். நான் கண்டவரை, போனவரை இழுத்துவர இதைவிடச் சிறந்த தொழில்நுட்பம் வரவில்லை.

பெரிய நிறுவனங்களைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். திரை பொருத்திய சைக்கிளை வீட்டுக்கே விற்ற அமெரிக்காவின் பெலோட்டன் கொரோனா காலத்தில் உச்சிக்குப் போனது. மக்கள் மறுபடி வெளியே வரத் தொடங்கியதும் விற்பனை சரிந்து, 2022 பிப்ரவரியில் சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ஊரடங்கில் எல்லா ஜிம்மும் மூடிக் கிடந்தபோது, இனி ஆன்லைன்தான் என்று எங்களுக்கும் உபதேசம் செய்தார்கள்.

படி 7: வாட்சைப் படிக்கத் தெரிந்திருங்கள்

நாய்ஸ், போட் போன்ற உள்நாட்டு பிராண்டுகள் விலையை இறக்கியபின் காரைக்குடியில் வாட்ச் கட்டாத மணிக்கட்டு குறைவு. உறுப்பினர் அதை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "420 கலோரி எரிச்சிருக்கேன், இன்னைக்கு ஒரு கோழி வறுவல் சாப்பிடலாமில்ல?" என்பார். பதில் தெரிந்திருக்க வேண்டும். வாட்சின் பின்னால் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாடியை எண்ணுகிறது. அது ஓரளவு சரியாகவே இருக்கும். கலோரி என்பது அந்த நாடியை வைத்துப் போடும் அனுமானம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகளில் நாடிப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம்.

அதனால் நான் சொல்வது: நாடியைப் பாருங்கள், அடிகளைப் பாருங்கள், நேற்றைய உங்களோடு ஒப்பிடுங்கள். கலோரியைப் பார்த்து இலை போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. வாட்சில் இந்த வாரக் கணக்கை மட்டும் நாங்கள் பலகையில் எழுதிவைக்கிறோம்.

ஏஐ பற்றி ஒரு பத்தி போதும். பயிற்சி அட்டவணையின் முதல் வரைவு, விளம்பர வாசகம், கணக்குச் சுருக்கம் ஆகியவற்றுக்கு உதவும், நேரம் மிச்சம். உறுப்பினர் போனில் ஏஐ கொடுத்த உணவுப் பட்டியலோடு வந்தால் சண்டை போடாமல் படியுங்கள். பெரும்பாலும் ஓட்ஸும் புரொக்கோலியும் இருக்கும். அதைப் பாசிப்பயறு, சுண்டல், முட்டை, மீன் என்று நம் சமையலறைக்கு மாற்றிக்கொடுப்பது உங்கள் வேலை. முழங்கால் வலிக்கும் ஆளைப் பார்க்காமல் அட்டவணை போடும் வேலையை அதனிடம் விடாதீர்கள்.

படி 8: ஆச்சிகளின் வகுப்பு

இதுதான் விஷயம். நேரம்: காலை 10 மணி. கருவி: கைப்பிடி இல்லாத, ஆடாத மர நாற்காலிகள். இசை வேண்டாம், பேச்சு கேட்க வேண்டும். சேரும்போது ஒரே ஒரு சோதனை: கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். எண்ணைத் தேதியோடு எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

பயிற்சியை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே எடுங்கள். செட்டிநாட்டு வீட்டில் தெருவிலிருந்து ஏறும் படியும் உயரம், தாண்டும் நிலைப்படியும் உயரம். ஓர் ஆச்சி வீட்டுக்கு டேப்போடு போய் அந்த உயரத்தை அளந்து வந்தேன். அதே அளவில் தச்சரிடம் மரப்பெட்டி செய்துகொண்டோம். முதலில் அதில் பாதி உயரத்தில் ஒரு கையைத் தூணில் வைத்து ஏறி இறங்குவது, பிறகு முழு உயரம், பிறகு கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு. அடுத்தது தரையில் உட்கார்ந்து எழுவது. இலக்கு என்ன என்று கேட்டால் "குன்றக்குடி மலை ஏறணும்" என்பார்கள். "கொழுப்பைக் குறைக்கணும்" என்று யாரும் சொன்னதில்லை. முதியோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திங்கள், புதன், வெள்ளி என்று நாங்கள் வைத்தது அதனால்தான்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது. டாக்டரின் எழுத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, குளுக்கோஸ் பொடி மூன்றும் மேசையில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவரும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவரும் வெறும் வயிற்றோடு வந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வேர்த்து, கை நடுங்கினால் பயிற்சியை உடனே நிறுத்துங்கள்.

இந்தக் கூட்டத்தில் இனி ஒரு புது வகை ஆட்கள் சேர்வார்கள். எடை குறைக்கும் ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியின் மூலப்பொருளான செமாக்ளூட்டைடுக்கு இங்கே காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் விலை குறைந்த மருந்துகளுக்கும் வழி திறக்கிறது. ஊசி வந்தால் ஜிம் போச்சு என்று பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகமாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. அதைத் தடுக்க எடைப் பயிற்சியும் புரதமும் வேண்டும். ஊசி டாக்டரின் வேலை. அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். தசையைக் காப்பது உங்கள் வேலை.

கூடவே ஒரு பருவ வகுப்பு: பழனி பாதயாத்திரை. தைப்பூசத்துக்கு நம் பக்கத்திலிருந்து காவடியோடு நாள்கணக்கில் நடந்து போகிறவர்கள் எத்தனை பேர், அதில் முதல் நாளே கால் கொப்பளித்து வண்டி ஏறுபவர்கள் எத்தனை பேர். கார்த்திகையில் தொடங்கி, வாரம் ஒருமுறை தூரத்தைக் கூட்டி, கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் வலுவேற்றும் இரண்டு மாத வகுப்பு வையுங்கள். ஜிம் என்றால் முகம் சுளிக்கும் பெரியவர்களும் இதற்கு வருவார்கள்.

படி 9: வெளியூர்ப் பிள்ளைகள்

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே காலை 5 மணி வகுப்பை ஜூமில் போட்டால் அங்கே 7.30. வேலைக்குக் கிளம்புமுன் செய்துவிடலாம். ஆனால் ஆன்லைன் வகுப்பைவிடப் பெரிய வாய்ப்பு வேறு. அம்மாவின் கட்டணத்தைப் பிள்ளை அங்கிருந்து கட்டுவது. மாதம் ஒருமுறை அவருக்கு நாலு வரி: "அம்மா இந்த மாதம் 11 நாள் வந்தார்கள். நாற்காலிச் சோதனை 7-லிருந்து 9. இடது முழங்கால் வலி குறைந்திருக்கிறது." நம் பிள்ளைகள் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை. அம்மா போகிறாளா என்று தெரியாததுதான் அவர்கள் கவலை. இதற்கும் அம்மாவின் சம்மதம் முதலில் வேண்டும். ஓர் ஆச்சி என்னிடம் கறாராகச் சொன்னார்: "வந்தேன்னு எழுது, வலின்னு எழுதாத. டிக்கெட்டைப் போட்டுக்கிட்டு ஓடி வந்துருவான்." அன்றிலிருந்து அவர் அறிக்கையில் அந்த மூன்றாவது வரி இல்லை.

ஊருக்கு வரும் நாட்களில் இவர்கள் எல்லோருமே வாடிக்கையாளர்கள். கல்யாணம், திருவிழா என்று பத்து நாள் தங்குபவருக்கு மாதக் கட்டணம் சொல்லாதீர்கள், பத்து நாள் பாஸ் சொல்லுங்கள்.

படி 10: மாதக் கடைசி

ஒரு தாள், ஆறு எண்கள்: கட்டியவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், நின்றவர்கள், ஏழு நாளாக வராதவர்கள், மொத்தச் செலவு, முன்பணக் கணக்கில் மிச்சம். நின்றவர்கள் சேர்ந்தவர்களைவிடக் கூடினால் விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவழிக்காதீர்கள். போனை எடுத்து நின்றவர்களிடம் பேசுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து கட்டியவர்கள் எண்ணிக்கை, செலவை ஈடுகட்ட வேண்டிய ஆள் கணக்கைவிட இருபது பேர் கூடுதலாக இருந்தால் அடுத்த கருவி வாங்கலாம். தேவகோட்டையில் கிளை போடலாமா என்ற எண்ணம் வந்தால், அங்கே நிற்கப்போகும் மாஸ்டரை முதலில் ஆறு மாதம் இங்கே வைத்துப் பாருங்கள்.

அந்த இரண்டு ட்ரெட்மில்லில் ஒன்றைப் போன வருடம் விற்றுவிட்டேன். அது நின்ற இடத்தில் இப்போது ஆறு மர நாற்காலிகள்.